முன்னால் ரேடியல், பின்னால் நைலான்

ரேஸ் வண்டிக்கு டயர் சைஸ் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் என் மகனோடு வேலை பார்க்கும் பையன்கள். லீவு நாளில் சேர்ந்து ஒரு சின்ன வண்டி கட்டுகிறார்கள். டில்லி துவாரகாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே அதை நிறுத்திவைத்து, பத்து அங்குலமா பதிமூன்று அங்குலமா என்று சண்டை போடுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரிலேயே எல்லா சைஸையும் ஓட்டிப் பார்த்துவிடலாமாம். யாரும் வண்டியில் உட்கார வேண்டியதில்லையாம்.

நல்லது. எங்கள் காலத்தில் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவர் என் தங்கச்சி புருஷன்.

எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஏழாவது வரைதான். தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் விழுப்புரம் பக்கத்தில் இருந்து டில்லிக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாய் ஓரமாக எங்கள் ஆட்கள் குடிசை போட்டிருந்தார்கள். மதராசி கேம்ப் என்று பெயர். அங்கே ஒரு மூலை கிடைத்தது. லாரி டயர் கடையில் வேலை கிடைத்தது.

பழைய லாரி ரிம்மில் ஒரு இரும்பு வளையம் உண்டு. டயரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் பறக்கும். ஒரு நாள் பறந்தது. என் பக்கத்தில் குந்தியிருந்த பீகார்காரர் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டது. அவர் சாகவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசினால் யாருக்கும் புரியாது. கடைக்கு வந்து உட்கார்ந்து ஏதோ சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம்.

அன்று பிடித்த பயம் என்னை விடவில்லை. வளையத்தின் மேல் சங்கிலி சுற்றாமல் காற்று ஏற்ற மாட்டேன். ஏற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பேன். கடையில் சிரிப்பார்கள். "மதராசி டர்போக்" என்பார்கள். டர்போக் என்றால் பயந்தாங்கொள்ளி.

பக்ஷி சாப் சிரிக்கவில்லை. ஒரு ஜீப்புக்குப் பஞ்சர் பார்க்க வந்தவர், நான் சங்கிலி சுற்றுவதைக் கடைசி வரை நின்று பார்த்தார். பிறகு ஹிந்தியில் கேட்டார்: "என் கூட வேலைக்கு வருகிறாயா? எனக்குப் பயப்படுகிற ஆள் வேண்டும்."

பக்ஷி சாப் விமானங்களுக்கு டயர் மாட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கால் முட்டி மடங்காது. ஜங்புராவை ஒட்டிய போகல் என்ற இடத்தில் ஒரு தகர ஷெட்டில் ரேஸ் வண்டி கட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு ஹோட்டல் முதலாளியின் மகன். எங்களுக்கு சோட்டே சாப், அதாவது சின்ன ஐயா. போட்டி அன்று ஓட்டுபவர் அவர்தான்.

வண்டி என்றால் கார் மாதிரி நினைக்க வேண்டாம். இரும்புக் குழாயை வெல்டிங் செய்த ஒரு கூடு. நான்கு சக்கரமும் வெளியே நிற்கும். மட்கார்டு கிடையாது. உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் ஒரு சாண். முதுகுக்குப் பின்னால் எஞ்சின். தலைக்கு மேல் வளைத்த குழாய் ஒன்று, வண்டி கவிழ்ந்தால் கழுத்து ஒடியாமல் இருக்க.

போட்டி நகரத்துக்கு வெளியே, கைவிட்ட விமான ஓடுதளத்தில் நடக்கும். டிரம், வைக்கோல் கட்டு எல்லாம் வைத்து வளைவு வளைவாகப் பாதை போடுவார்கள். ஆட்டோகிராஸ் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும். கடிகாரத்தோடுதான் போட்டி. நேராக வேகமாகப் போகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. வளைவில் பிடித்துக்கொண்டு போகிறவன் ஜெயிப்பான். பிடித்துக்கொள்வது டயர். அதனால் சைஸ் பேச்சுத்தான் எப்போதும்.

பெரிய அகல டயர் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். சோட்டே சாப்பும் நினைத்தார். வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு, பின்னால் அகல டயர்தான் வேண்டும் என்று நின்றார். பக்ஷி சாப் மறுக்கவில்லை. ரிம்மை அறுத்து, நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலமாக்கிப் போட்டுக் கொடுத்தார். வண்டி பிடிப்பே இல்லாமல் பாதையைச் சுற்றி வந்தது. வண்டி நின்றதும் பக்ஷி சாப் சோட்டே சாப்பின் கையைப் பிடித்து டயர் மேல் வைத்தார். டயர் பச்சைத்தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. சின்ன வண்டிக்கு எடை இல்லை. எடை இல்லாவிட்டால் பெரிய டயர் சூடாகாது. சூடாகாத டயர் பிடிக்காது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பக்ஷி சாப் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதில் இருந்து வந்தது.

புது டயர் வந்தால் முதலில் உருட்டுவார். வண்டியில் மாட்டி, சீட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்றுத் தள்ளச் சொல்வார். கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் அடையாளம் வைத்து, நடுவில் உள்ள தூரத்தை அளப்பார். டயரில் அச்சடித்த நம்பரை அவர் நம்ப மாட்டார். ஒரே நம்பர் போட்ட இரண்டு டயர் இரண்டு தூரம் ஓடும்.

பிறகு விரல். ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பி, ஜாக்கியால் சக்கரத்தை மேலே தூக்கி, டயருக்கும் இரும்புக்கும் நடுவில் என் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வார். விரல் நுழையாவிட்டால் அந்த சைஸ் இல்லை.

பிறகு சிவப்புக் கோடு. ரிம்மில் இருந்து டயர் மேல் பெயிண்டால் ஒரே கோடாக இழுப்போம். ஓட்டத்தில் டயர் ரிம்மில் நழுவினால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். நழுவிக்கொண்டே போனால் ட்யூப் வால்வு பிய்ந்து காற்று ஒரே மூச்சில் போகும். விமானத்தில் இருந்து அவர் கொண்டு வந்த பழக்கம் அது.

கடைசியில் சாக்பீஸ். டயரின் தோளில், தரையில் படும் பட்டை முடிந்து பக்கவாட்டுச் சுவர் ஆரம்பிக்கும் இடத்தில், குறுக்குக் கோடுகள். ஓடி வந்ததும் பார்ப்போம். விளிம்போடு தேய்ந்திருந்தால் சரி. விளிம்பு தாண்டிக் கம்பெனிப் பெயர் எழுத்து வரை தேய்ந்திருந்தால், வளைவில் டயர் மடங்கிப் படுக்கிறது என்று பொருள். காற்று போதாது. காற்று ஏற்றியும் அப்படியே தேய்ந்தால் அந்த டயர் அந்த வண்டிக்கு ஆகாது.

இதெல்லாம் செய்யும்போது அவர் குரல் உயராது. ஒவ்வொரு நட்டையும் துணியால் துடைத்துத்தான் என் கையில் கொடுப்பார். "நல்லா இருக்கு சாப்" என்று சொன்னால் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணால் கண்டதைச் சொல்லும் வரை நிற்பார். "பதாவோ" என்பார். சொல் என்று பொருள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மூன்று சட்டம் வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் என்று தெரியாது. அது ஒன்று. ஒரு ஓட்டத்தில் நடந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அது இரண்டு. மூன்றாவது எனக்கு. டயர் மாட்டியவன் பாதையிலேயே மோசமான வளைவில் போய் நிற்க வேண்டும். தான் மாட்டியது என்ன செய்கிறது என்று தானே பார்க்க வேண்டும்.

சோதனை ஓட்டம் ஓட்டியவர் ஏழுமலை. என் தங்கச்சி அஞ்சலையின் புருஷன். தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான்தான் ஷெட்டுக்குக் கூட்டி வந்தேன், பாரம் தூக்க. ஒரு நாள் வண்டியை நகர்த்தி நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்திய விதத்தைப் பார்த்து பக்ஷி சாப் அன்றே சீட்டில் உட்கார வைத்துவிட்டார். ஒல்லியான ஆள். டயர் எங்கே விடப் போகிறது என்று உட்காரும் இடத்திலேயே தெரியும் அவருக்கு. ஓட்டிவிட்டு வந்து, "பின்னாடி எடது பக்கம் காத்து கம்மி" என்பார். அளந்தால் கம்மியாக இருக்கும்.

அவருக்குப் பயம் கிடையாது. அவர் பயத்தையும் சேர்த்து நான் பட்டேன்.

இதைப் பையன்கள் புரிந்துகொள்ள வேண்டும். சரியான சைஸ் எது என்று தெரிய வேண்டுமானால் தப்பான சைஸில் ஒருவர் போய் வர வேண்டும். சோட்டே சாப் போட்டியில் ஓட்டியதெல்லாம் சரியான டயர். தப்பான டயர் அத்தனையிலும் போனவர் ஏழுமலை. அத்தனையையும் மாட்டியவன் நான்.

அஞ்சலைக்கு அது தெரியும். சாயங்காலம் நாங்கள் நாலா ஓரமாக நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பாள்.

"இன்னிக்கு எந்த டயருண்ணா?"

"பழசுதான்."

"நீதான மாட்டுன?"

"நான்தான்."

"நல்லா இறுக்குனியா?"

ஏழுமலை சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "உங்கண்ணன் இறுக்குனத கழட்டணும்னா யானை வரணும். மொதல்ல சோத்தப் போடு."

அவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். மறுநாள் மறுபடி கேட்பாள்.

வளைவில் நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன். வண்டி நம்மைப் பார்த்து வரும். திரும்பும் என்று நம்பி நிற்க வேண்டும். கல் தெறிக்கும். நான் நிற்பதற்கு முன் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பயம் புதிதாக வரும். எத்தனை வருடம் நின்றும் அது குறையவில்லை.

கையில் ஒரு சிவப்புத் துணி வைத்திருப்பேன். அது எனக்கும் ஏழுமலைக்கும் நடுவில் பேசி வைத்தது. நான் துணியைத் தூக்கினால் அவர் வளைவை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை நேராக்கி, வெட்டவெளிப் பக்கம் போய்விட வேண்டும். வண்டி கையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே நான் தூக்கிவிடுவேன். எப்படி என்று பக்ஷி சாப் கேட்டார். டயரைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். முழு உண்மை இல்லை. நான் ஏழுமலை கழுத்தைப் பார்ப்பேன். பின்பக்கம் விடப் போகிறது என்று அவர் உடம்புக்குத் தெரிந்த நொடியில் கழுத்து கொஞ்சம் உள்ளே போகும். அவருக்கே அது தெரியாது. நான் சொன்னதும் இல்லை. சொன்னால் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொள்வார்.

எண்பதுகளின் நடுவில் அந்தப் புது எண்ணூறு சிசி சின்னக் கார் டில்லியில் எங்கே பார்த்தாலும் ஓட ஆரம்பித்தது. அதன் எஞ்சின் எங்கள் வண்டிக்கும் வந்தது. கூடவே அதன் டயரும். பன்னிரண்டு அங்குலம், ரேடியல். அதுவரை நாங்கள் போட்டதெல்லாம் பதிமூன்று அங்குல நைலான். நைலான் டயர் விடுவதற்கு முன் கத்தும், மெதுவாக வழுக்கும். ரேடியல் வேறு. பக்கச் சுவர் தொளதொளவென்று இருக்கும். ஆனால் தரையில் படும் பட்டை அசையாது. ஒட்டிக்கொண்டு போகும் என்று சொன்னார்கள். சைஸ் சின்னது என்பதால் வண்டி சட்டென்று வேகம் எடுக்கும். குட்டைப் பாதைக்கு அது நல்லது.

ஆனால் கிடைத்தது ஒரே ஜோடி. காருக்கே ஜனம் காத்துக்கொண்டிருந்த காலம். தனி டயர் யார் கொடுப்பார்கள்? போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற ஒரு ஜோடியை எங்கே போடுவது? முன்னாலா, பின்னாலா?

இதுதான் கேள்வி. இப்போது ஸ்கூட்டர் மெக்கானிக் கூடச் சொல்வான், ரேடியலையும் நைலானையும் கலந்து போடாதே என்று. அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. பக்ஷி சாப் தன் சட்டப்படி போனார். ஒரு தடவைக்கு ஒன்று. முதலில் பின்னால் மட்டும் மாற்றிப் பார்ப்பது. அடுத்து முன்னால் மட்டும்.

குளிர் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த நாள். ஓடுதளத்தில் நாங்கள் மூன்று பேர்தான். டிரம்களை வைத்தோம். கடைசி வளைவுதான் மோசம். இடது பக்கம் திரும்பும். அதற்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டவெளி. வெட்டவெளி முடியும் இடத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய பழைய வாய்க்கால்.

பின்னால் ரேடியல் போட்டு ஓடினார். வண்டி திரும்ப மாட்டேன் என்றது. மூக்கை நீட்டிக்கொண்டு நேராகப் போகப் பார்த்தது. ஏழுமலை இறங்கி, "கெழட்டு எருமை மாதிரி இருக்குது. மூக்கணாங்கயித்தப் புடிச்சி இழுக்கணும்" என்றார். நேரம் மோசம். ஆனால் பயமில்லை.

பின்னால் மறுபடி நைலான் வந்தது. முன்னால் ரேடியலை மாட்டினேன். வண்டி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நின்றது. எனக்கு அந்த நிலையே பிடிக்கவில்லை. சாக்பீஸ் போட்டேன். துணியை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன்.

முதல் வளைவுகளில் வண்டி கத்தி மாதிரி திரும்பியது. அந்த மாதிரி திரும்பி நான் பார்த்ததில்லை. தூரத்தில் பக்ஷி சாப் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. கடைசி வளைவுக்கு வந்தது. மூக்கு உள்ளே போயிற்று. ஏழுமலை கழுத்து உள்ளே போயிற்று. துணியைத் தூக்கினேன்.

தூக்கியும் வண்டி சுற்றியது. அவர் முன்கூட்டியே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டதால் வேகம் இல்லை. பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வெட்டவெளியில் நின்றது. புகை. அதற்குள் இருந்து கை ஆட்டினார்.

நான் ஓடிப் போய்ப் பின் டயரைப் பார்த்தேன். சாக்பீஸ் கோடு விளிம்பு தாண்டி, எழுத்தும் தாண்டித் தேய்ந்திருந்தது. கை வைத்தேன். வெளித்தோள் சுட்டது. உள்பக்கம் வெதுவெதுப்பு. முன் டயரில் கோடு அழகாக விளிம்போடு நின்றது. முன்பக்கம் விடவே இல்லை. பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் விட்டிருக்கிறது.

பக்ஷி சாப் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "பதாவோ."

ஏழுமலை தனக்குத் தெரிந்த ஹிந்தியில் முந்திக்கொண்டார். "என் தப்பு சாப். கால சட்டுனு எடுத்துட்டேன். அதான் சுத்திச்சி."

ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு ரோஷம். வண்டி சுற்றினால் டயர் மேல் பழி போடுவது அவருக்குக் கேவலம். அதுவும் இல்லாமல் அந்த மூக்கு திரும்பிய விதம் அவருக்கு ருசித்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"அவர் தப்பு இல்லை சாப். டயர்" என்றேன். கோட்டைக் காட்டினேன்.

பக்ஷி சாப் இருவர் முகத்தையும் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "ஒருவர் தன் தப்பு என்கிறார். ஒருவர் டயர் தப்பு என்கிறார். ஒரு ஓட்டம்தான் ஆகியிருக்கிறது. இன்னொரு ஓட்டம்" என்றார்.

அவர் சட்டம் அது. வருடக்கணக்கில் எங்களைக் காப்பாற்றிய சட்டம்.

வண்டி சுற்றினால் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்ட வேண்டும். கழற்றினேன். சிவப்புக் கோடு உடையவில்லை. புது சாக்பீஸ் போட்டேன். பக்ஷி சாப் நட்டைத் துடைத்து நீட்டினார். என் கை போகவில்லை. அஞ்சலை வாசலில் நிற்பது கண் முன்னால் வந்தது. ஸ்பேனரைத் தரையில் வைத்தேன்.

"நான் மாட்ட மாட்டேன் சாப்."

அவரிடம் அதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "அச்சா" என்றார். அந்த மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, நான்கு சக்கரத்தையும் தானே மாட்டினார். தானே இறுக்கினார். நேரம் பிடித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஏழுமலை சீட்டில் இருந்தபடி என்னைச் சீண்டினார். "என்னா மச்சான், கையி நடுங்குதா? தங்கச்சி தாலிய நெனச்சிக்கிட்டியா?"

"மாப்ள, எறங்கிடு. ஒடம்பு சரியில்லன்னு சொல்லு."

"ஒடம்பு நல்லாத்தான இருக்குது. போ, அந்த வேப்பமரத்துக்கு கீழ குந்து. வந்து ஒரு பீடி குடு."

பக்ஷி சாப் எழுந்தார். வைத்த சட்டத்தை அவர் தனக்கும் மாற்ற மாட்டார். மாட்டியவன்தான் வளைவில் நிற்க வேண்டும். மாட்டியவர் அவர். என் கையில் இருந்து துணியை வாங்கிக்கொண்டார். "நீ நிழலில் இரு" என்றார். கெஞ்சுகிற குரலும் இல்லை, அதட்டுகிற குரலும் இல்லை. வளைவைப் பார்த்து நடந்தார். அந்தக் காலோடு அவரால் எந்தப் பக்கமும் ஓட முடியாது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் மரத்தடிக்குப் போனேன். உட்காரவில்லை.

வண்டி கிளம்பியது. ஏழுமலை தன் தப்பைத் திருத்தப் போகிறார். அதனால் முதல் தடவையை விட வேகம். முதல் வளைவு திரும்பியது. அடுத்தது திரும்பியது. மரத்தடியில் இருந்து கடைசி வளைவு தூரம். இருந்தும் அவர் கழுத்தைத்தான் பார்த்தேன். தலைக்கவசம் ஒரு வெள்ளைப் புள்ளி. அது கீழே போயிற்று.

"துணி!" என்று கத்தினேன். "சாப், துணி!"

பக்ஷி சாப் கொஞ்சம் குனிந்து பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். டயர் எப்படி மடங்குகிறது என்று கடைசி வரை பார்த்தார். துணி கையிலேயே இருந்தது. துணி ஏறும் என்று ஏழுமலை நம்பியிருப்பார். ஏறாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் பொருள். காலை எடுக்காமல் போனார்.

வண்டி சுற்றவில்லை. பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. பின்பக்கமாகவே பக்ஷி சாப்பைப் பார்த்துப் போயிற்று. அவர் அசையவில்லை. அவர் வேட்டி கட்டியிருந்தால் சக்கரத்தில் சுற்றியிருக்கும், அவ்வளவு பக்கத்தில் போயிற்று. வைக்கோல் கட்டை உடைத்தது. வெட்டவெளியைத் தாண்டியது. வாய்க்காலில் இறங்கியது. தலைகீழாகக் கவிழும் சத்தம் தகரத்தை மடக்குவது மாதிரி இருந்தது. பிறகு எஞ்சின் நின்றுவிட்டது.

நான் ஓடினேன். எவ்வளவு நேரம் ஓடினேன் என்று தெரியாது. ஓடும்போது ஒன்றுதான் நினைத்தேன். தீப்பிடிக்கக்கூடாது.

வாய்க்காலில் சக்கரங்கள் மேலே பார்த்துக் கிடந்தன. ஒரு பின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் சொட்டும் சத்தம் கேட்டது. பக்ஷி சாப் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். எப்படி வந்தார் என்று தெரியாது. மண்ணில் முட்டியைக் குத்தி, வளைந்த குழாய்க்குக் கீழே கையை விட்டு, "உட்டாவோ, உட்டாவோ" என்றார். தூக்கு, தூக்கு. இரண்டு பேரும் தூக்கினோம். அந்த வண்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும்.

ஏழுமலை பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். மூஞ்சி முழுக்க மண். கண் திறந்திருந்தது. அசையவில்லை. நான் கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"பீடி பத்த வச்சிடாத மச்சான்" என்றார். "பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

இடது கை இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. விலா எலும்பும் போயிருந்தது. ஜீப்பில் பின்னால் படுக்க வைத்து, தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பக்ஷி சாப் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏழுமலை வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது. வழி முழுக்க அவர் மூச்சை எண்ணினேன். நின்றுவிட்டதாக நினைத்து அடிக்கடி வாய்க்கு நேராகக் கை வைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்ஷி சாப் குழாயில் கை கழுவிக்கொண்டே நின்றார். கை சுத்தமாகி வெகுநேரம் ஆகியும் கழுவினார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "நான்கும் நைலான்." சைஸ் முடிவாயிற்று. அந்தப் போட்டியில் சோட்டே சாப் நான்கு பழைய பதிமூன்று அங்குல டயரில் ஓடினார். ஜெயிக்கவில்லை. முழுசாக வந்து சேர்ந்தார். ஏன் ரேடியல் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

அஞ்சலையிடம் சொல்ல நான் போக வேண்டியிருந்தது. நாலா ஓரம் தனியாக நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கிட்ட வரும் வரை அசையாமல் நின்றாள்.

"உயிரு இருக்குது" என்றேன். முதலில் அதைத்தான் சொன்னேன். "கையி ஒடஞ்சிருக்குது."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"டயரு நீ மாட்டுனதாண்ணா?"

"இல்ல. மாட்ட மாட்டேன்னுட்டேன்."

நான் மாட்டவில்லை என்று சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"வளைவுல யாரு நின்னது?"

"சாப்."

"நீ?"

"மரத்தடில."

அவள் என்னைப் பார்த்தாள். மாற்றுத்துணி இரண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நடந்தாள்.

கை கூடச் சில மாதங்கள் ஆயின. முழங்கை முழுசாக நீளவில்லை. வண்டிக்கு நீள வேண்டியதில்லை என்றார் ஏழுமலை. பக்ஷி சாப் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார். ஏழுமலையாகத்தான் ஒரு நாள் காலையில் ஷெட்டுக்கு வந்து நின்றார். பின்னாலேயே அஞ்சலை. அவள் ஷெட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. நாலைந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற நேரம் அது. போகாமல் வந்திருந்தாள்.

உள்ளே இன்னொரு ஜோடி ரேடியலும் வந்து சேர்ந்திருந்தது. நான்கையும் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்ஷி சாப் நட்டைத் துடைத்துக் கையில் வைத்திருந்தார். என்னிடம் நீட்டவில்லை. கேட்காமல் நீட்டக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

அஞ்சலை வண்டியைச் சுற்றி வந்தாள். புருஷன் உட்காரும் பள்ளத்தைப் பார்த்தாள். தரை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அவர நிறுத்த முடியாதுண்ணா. சொல்லிப் பாத்துட்டேன்."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"உனக்கு பயமா இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப நீயே மாட்டு" என்றாள். "நீயே நில்லு."

பக்ஷி சாப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.